முப்பத்தொன்றாம் எண்

"எம் பொண்ணு அன்னிக்குத் தலைக்கு எண்ணெ வெச்சிருந்தாளா?"

செல்லம்மாள் அத்தை என்னிடம் இதைக் கேட்டபோது நான் பள்ளிக்கூடத்துக் குழாயடியில் டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்து ஐந்து, தை மாதக் கடைசி. அவள் மகள் பூவிழியைக் கடல் கொண்டுபோய் ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. உடல் கிடைக்கவில்லை. அத்தை சொன்ன 'அன்னிக்கு' என்பது கடல் வந்த நாள் அல்ல. அதற்கு மூன்று வாரம் கழித்து, பள்ளி மறுபடி திறந்த முதல் நாள்.

நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"வெச்சிருந்தாளா? நல்லா ஒட்டவெச்சு வாரியிருந்தாளா?"

அதற்கும் ஆட்டினேன். அத்தையின் முகம் தெளிந்துவிட்டது. "அப்ப யாரோ நல்லவங்க வீட்டுலதான் இருக்கா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, குழாயில் ஒரு கை தண்ணீர் குடித்துவிட்டுப் போனாள். அடுத்த வாரத்திலிருந்து நான் பள்ளிக்குப் போகவில்லை. வயிற்றுவலி என்றேன். பிறகு உப்பு சீசன் தொடங்கியது. அம்மா கேட்பதை நிறுத்திவிட்டாள்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே பேச்சு வராது. ஊமை இல்லை. வாயைத் திறந்தால் குரல் பல்லுக்கு உள்ளேயே நின்றுவிடும். ஆறாம் வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது நான் சொல்லும் "எஸ் சார்" வாத்தியார் மேசைவரை போய்ச் சேராது. முதல் மாதத்தில் பதினோரு நாள் எனக்கு ஆப்சென்ட் விழுந்தது. அத்தனை நாளும் நான் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். பெயர் வரிசையில் எனக்கு முன்னால் பூவிழி. பூவிழிக்குப் பின்னால் பொன்னி, அதாவது நான். பூவிழிதான் ஒருநாள் தன் எண்ணுக்கு ஒரு முறையும், என் எண்ணுக்குக் குரலை மாற்றி ஒரு முறையும் சொல்லத் தொடங்கினாள்.

"உனக்கும் சேத்து நாஞ் சொல்றேன். நீ தலைய மட்டும் குனிஞ்சுக்கோ. எவனும் பாக்க மாட்டான்" என்பாள்.

பதிலுக்கு நானும் ஒன்று கற்றுக்கொண்டேன். என் குரல்தான் வெளியே வராது, அடுத்தவர் குரல் வரும். வீட்டில் ஆள் இல்லாதபோது மேஸ்திரி மாதிரி, ரேஷன் கடைக்காரர் மாதிரி பேசிப் பார்ப்பேன். பூவிழியின் குரல் மூக்கிலிருந்து வரும். 'எஸ்' என்பதை இழுத்து, 'சாரை'ப் பாதியில் வெட்டுவாள். உப்பு சீசனில் அவள் விடியற்காலையில் அம்மாவோடு பாத்திக்குப் போய்க் கூடை சுமந்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருவாள். வரும்போது முதல் பீரியட் பாதி போயிருக்கும். அந்த நாட்களில் அவள் எண்ணுக்கு நான் சொல்வேன். தலையைக் குனிந்துகொண்டு, புத்தகத்துக்குள் வாயை வைத்துக்கொண்டு, அவள் குரலில். ஐந்து வருடம் யாருக்கும் தெரியாது. உப்பளத்துப் பிள்ளைகள் எங்கள் பள்ளியில் அப்படித்தான் ஒருவருக்கொருவர் வருகை கொடுத்துக்கொள்வது. பதினொன்றாம் வகுப்பில் அவள் முப்பத்தொன்று. நான் முப்பத்திரண்டு.

கிறிஸ்துமஸுக்கு அவளுக்குப் பாவாடை தாவணி எடுத்திருந்தார்கள். அவள் சுடிதார் கேட்டிருந்தாள். கோயிலுக்கு வரமாட்டேன் என்று மூலையில் உட்கார்ந்தவளை அத்தை ஒரு அறை விட்டாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, அந்தக் கோபத்தோடு இருந்தவளை, "மூஞ்சத் தூக்கி வெச்சுக்கினு ஊட்டுல உக்காராத, இத்தக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வா" என்று அதிரசமும் முறுக்கும் தட்டில் வைத்து, கடலோரத்து எக்கியார்குப்பத்தில் இருந்த ஒரு சிநேகிதக்காரர் வீட்டுக்கு அனுப்பினாள். தட்டு கிடைத்தது. செ. ம. என்று அத்தையின் பெயரெழுத்து வெட்டிய எவர்சில்வர் தட்டு. மூன்றாம் நாள் ஒரு தென்னைமரத்தடி மணலில் செருகி நின்றது.

பள்ளியை நிவாரண முகாமாக வைத்திருந்தார்கள். திறந்த அன்று எங்கள் வகுப்புக் கரும்பலகையில் பாய் எத்தனை, போர்வை எத்தனை என்று சுண்ணக்கட்டியில் எழுதியது அழியாமல் இருந்தது. மூலையில் கஞ்சி அண்டாவின் கரி வட்டம். ஐம்பத்திரண்டு பேரில் பதினாலு பேர்தான் வந்திருந்தோம். பூவிழி இல்லாத பெஞ்சில் நான் தனியாக இருந்தேன். தட்சணாமூர்த்தி சார் தலையைத் தூக்காமல் எண்களை மட்டும் கூப்பிட்டுக்கொண்டே போனார். முக்கால்வாசி எண்களுக்குப் பதில் இல்லை. ஒவ்வொரு தடவையும் அவர் பேனா கொஞ்சம் நின்றது.

"முப்பத்தொண்ணு."

நான் யோசிக்கவில்லை. இரண்டு நொடி பதில் வராவிட்டால் நான் சொல்லிவிட வேண்டும். ஐந்து வருடப் பழக்கம். தலை தானாகக் குனிந்தது.

"எஸ் சார்."

முன் பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். சார் அதற்குள் பேனாவை இழுத்துவிட்டார்.

"முப்பத்திரெண்டு."

எனக்காகச் சொல்ல ஆள் இல்லை. எனக்குக் குரல் வரவில்லை. அந்தப் பதிவேட்டின்படி அன்று பூவிழி வந்தாள். நான் வரவில்லை.

அடுத்து நடந்ததெல்லாம் அந்த ஒரு கோட்டிலிருந்து வந்தது. காணாமல் போனவர்களைக் கணக்கெடுக்க வந்தவர்கள் பள்ளிப் பதிவேட்டையும் பார்த்தார்கள். செல்லம்மாள் அத்தையிடம், "ஏம்மா, உம் பொண்ணு பதினெட்டாந்தேதி ஸ்கூலுக்கு வந்துகீதே" என்றார்கள். சார் பதறி அவர்கள் வீட்டுக்கே வந்து, "தப்பா போட்டுட்டேம்மா, மன்னிச்சிருங்க" என்று கையைப் பிடித்திருக்கிறார். அத்தை அவரிடம் ஒன்றுதான் கேட்டாளாம்.

"கொரலு கேட்டுச்சா இல்லியா சார்? அத்த மட்டும் சொல்லுங்க."

அவர் பொய் சொல்லத் தெரியாதவர். கேட்டது என்று சொல்லிவிட்டார்.

வகுப்பில் அதைப் பேய்க்கதை ஆக்கிவிட்டார்கள். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. பொன்னிக்குத்தான் வாயே கிடையாதே.

*

அடுத்த வருடம் மாசி மாதம். நான் செல்லம்மாள் அத்தையோடு ஒரே பாத்தியில் வேலை செய்துகொண்டிருந்தேன். அவள் கணவர் மரியதாஸ் மாமா பலகையால் உப்பை வாரி வரப்பில் சேர்ப்பார். நாங்கள் கூடையில் அள்ளித் தலையில் வைத்துக்கொண்டுபோய் ரோட்டோரத்து உப்புக் குவியலில், அம்பாரத்தில் கொட்டுவோம். அது சீசனின் முதல் உப்பு, பொடியாக இருக்கும். கூடையிலிருந்து வடியும் தண்ணீர் சும்மாட்டையும் தாண்டி நெற்றியில் இறங்கிக் கண்ணில் விழும். ஒன்பது மணிக்கெல்லாம் வெயில் கீழேயிருந்தும் அடிக்கத் தொடங்கும். கண்ணை இடுக்கி இடுக்கி எங்கள் எல்லோருக்கும் முகம் ஒரே மாதிரி சுருங்கியிருக்கும்.

பாண்டி ரோட்டில் பஸ் வந்தால் அத்தை அம்பாரத்தின் உச்சியில் கூடையோடு நின்றுவிடுவாள். முன் ஜன்னலிலிருந்து கடைசி ஜன்னல்வரை பார்த்து முடித்த பிறகுதான் கொட்டுவாள். ஒரு பஸ்ஸையும் விட்டதில்லை.

"யக்கா, நீ பஸ்ஸ விட்டுட்டுக் கூடைய எறக்கு. பின்னால மூணு பேரு தலையில உப்பு கரையுது" என்று மேஸ்திரி கன்னியப்பன் கத்துவார்.

"உம் பொண்டாட்டி மாதிரி கத்தாத. கொட்டறேன் இரு."

"எம் பொண்டாட்டி கத்துனா நான் ஏன் இங்க வந்து வெயில்ல நிக்கறேன்? ஊட்டுலயே நிம்மதியா இருந்திருப்பேனே. அவ பேசவே மாட்டா, மொறைப்பா."

எல்லோரும் சிரிப்போம். அத்தையும் சிரிப்பாள். இறங்கி வரும்போது என் பக்கத்தில் குனிந்து, "அந்தப் பஸ்ஸுல நீலத் தாவணி ஒண்ணு பாத்தியா? அவ இல்ல. மூக்கு வேற" என்பாள்.

என்னிடம்தான் பேசுவாள். நான் பார்த்தவள் அல்லவா. ஒரு வருடமாகத் தினமும் ஒரு கேள்வி கேட்பாள். இளைத்திருந்தாளா, செருப்பு போட்டிருந்தாளா, உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லையா. நான் தலையை ஆட்டியே ஒரு பெண்ணை ஒரு வருடம் உயிரோடு வைத்திருந்தேன்.

ஒருநாள் பதினொரு மணிக்குக் கரையேறிக் கூழ் குடித்துக்கொண்டிருந்தபோது சங்கீதா சைக்கிளில் வந்தாள். கிளியனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். மாமா வீட்டில் தங்கி எங்களோடு படித்தவள். இப்போது பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப்போகிறாள். காலில் சேறு படாமல் வரப்பில் ஒற்றையடியாக வந்தாள்.

"பொன்னி, வெள்ளிக்கெழம எங்களுக்கு ஃபேர்வெல்டி. குரூப் போட்டோ எடுக்கறாங்க. படிப்ப நிறுத்திட்டுப் போனவங்களையும் கூப்பிடணும்னு முடிவு பண்ணிட்டோம். நீயும் வரணும்."

நான் கூழைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வாயத் தொறந்து சரின்னு சொல்லேன்டி. இன்னும் அப்படியேதான் இருக்கியா?"

"போட்டோவா?" என்று அத்தை கேட்டாள்.

சங்கீதா அப்போதுதான் அவளைக் கவனித்தாள். முகம் மாறிவிட்டது. "ஆமாம்மா" என்றாள் மெதுவாக.

"ஆறாவது படிக்கும்போதே சொல்லிக்கினு இருப்பா. பன்னெண்டாவது போட்டோவுல ரெண்டாவது வரிசையில ஓரமா நிப்பேன், அப்பதான் தனியாத் தெரிவேன்னு." அத்தை கூழ்ச் சட்டியைக் கீழே வைத்தாள். "அதுக்கு வருவா பாரேன். எம்மேல கோவம். போட்டோ மேல இன்னா கோவம் அவளுக்கு?"

சங்கீதா என்னைப் பார்த்தாள். நான் ஊறுகாயைப் பார்த்தேன்.

அத்தை கை கழுவப் போனதும் மரியதாஸ் மாமா என் பக்கத்தில் வந்து குந்தினார். அவர் அதிகம் பேசாத மனிதர். காலிடுக்கில் உப்பு அரித்த புண்ணுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே பேசினார்.

"ஃபாதர் கிட்ட பூசைக்குச் சொல்லி வெச்சேன்மா. கல்லறைத் தோட்டத்துல பேரு போட்டு ஒரு சிலுவை நடலாம்னு பூவரசுல செஞ்சு கொண்டாந்தேன். ஊட்டுப் பின்னால சாத்தி வெச்சிருந்தேன். நேத்து வந்து பாக்கறேன், காணோம். ஒங்கத்த சிலுவையப் பொளந்து அடுப்புல வெச்சிட்டா. சோறு கொதிக்குது. இன்னா பண்ணுவேன்? அந்தச் சோத்தத்தான் தின்னேன்."

அடுத்த காலை நீட்டி எண்ணெய் தடவினார்.

"சின்னவ ஜான்சிக்குப் பத்தாவது பரீட்சை. அக்கா வந்தா கதவு தாப்பா போட்டிருக்கக் கூடாதுன்னு இவ ஒரு வருஷமா ஊட்டைத் தொறந்து போட்டு வெச்சுக்கினு ஒக்காந்திருக்கா. அந்தப் புள்ள பயந்துக்கினு படிக்குது. ஒரு நாய் உள்ள வந்தாக்கூட 'பூவிழி'ன்றா." எண்ணெயை மூடினார். "பொண்ணு உயிரோட இருக்கான்னு நெனச்சா சந்தோசமா இருக்கணும்ல? அதுவும் இல்ல. தான் அடிச்சதுக்குத்தான் வராம இருக்கான்னு தெனமும் செவுத்துல முட்டிக்கறா."

பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"நெசமாவே நீ பாத்தியாம்மா?"

வரப்பில் ஈரம் காய்ந்து உப்பு பூத்திருந்தது. அதை விரலால் கிள்ளிக்கொண்டிருந்தேன். பார்த்தேன் என்று தலையாட்ட முடியவில்லை. இல்லை என்று ஆட்டவும் முடியவில்லை. இல்லை என்று சொன்னால் அத்தை மறுபடி அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலைக்குப் போய் நிற்பாள், கையில் அதிரசத் தட்டோடு. அனுப்பியவள் அவள்தான். மாமா எழுந்தார். பிறகு பலகையை எடுத்துக்கொண்டு பாத்தியில் இறங்கினார்.

வீட்டில் மீந்துபோன பள்ளி நோட்டுகளின் வெற்றுப் பக்கங்களில் நான் எழுதிவைப்பதுண்டு. அன்று 'அத்தை, அவள் வரவில்லை' என்று எழுதினேன். ஒரு பக்கம் முழுக்க அதையே எழுதினேன். எழுதுவதற்குக் குரல் தேவையில்லை. அதனால்தான் அது பொய்யைப் போலவே இருந்தது.

*

வெள்ளிக்கிழமை வேப்பமரத்தடியில் பெஞ்சுகளை இழுத்துப் போட்டிருந்தார்கள். மாணவிகள் எல்லோரும் கனகாம்பரம் வைத்திருந்தார்கள். படிப்பை நிறுத்திய நாங்கள் ஏழு பேர் வராந்தா முனையில் நின்றோம். என் காலில் உப்பு வெள்ளை போகவில்லை. எவ்வளவு தேய்த்தாலும் வெடிப்புக்குள் இருக்கும்.

போட்டோக்காரர் திண்டிவனத்திலிருந்து வர நேரமானது. அதுவரை ஒவ்வொருவராக எழுந்து பழசைச் சொன்னார்கள். மழையில் கூரை ஒழுகி வகுப்பே குடை பிடித்துக்கொண்டு வரலாறு படித்தது. கெமிஸ்ட்ரி சார் சோடியம் குளோரைடு பாடம் எடுத்தபோது, "இதுக்கு எதுக்கு சார் லேபு, இவ கால நக்கிப் பாத்தாலே போதும்" என்று பாலகுரு பூவிழியைக் காட்டியது, அவள் அவன் மண்டையில் ஜியாமெட்ரி பாக்ஸால் போட்டது. அன்றிலிருந்து உப்பளத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் 'சோடியம் செட்டு' என்று பெயர்.

"இன்னும் தழும்பு இருக்குது பாருங்க" என்று பாலகுரு தலையைக் குனிந்து காட்டினான். சிரிப்பு. அவன் சிவஞானம் கடை முதலாளி மகன். எதையும் தமாஷாக்கிவிடுவான். கெட்டவன் இல்லை.

அப்போதுதான் அத்தை வந்தாள். குழாயடியில் நின்றாள். கையில் மஞ்சள் பை. பைக்குள் மடித்த சீருடை, சீப்பு, எண்ணெய்ப் பாட்டில் எல்லாம் வெளியே தெரிந்தன. ஜான்சி பத்தாம் வகுப்பிலிருந்து ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தாள். "வாம்மா. எல்லாரும் பாக்கறாங்கம்மா."

"உனக்கு இன்னாடி அவமானம்? அக்கா போட்டோவுக்கு வந்தா துணி மாத்த வேணாமா? நீ கிளாசுக்குப் போ."

கேட்டுக்கு வெளியே மரியதாஸ் மாமா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். உள்ளே வரவில்லை.

பாலகுரு இதைப் பார்க்கவில்லை. குழாயடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். "டேய், இப்பதான் மெயின் ஐட்டம்" என்றான். யாருடையதோ கண்ணாடியை வாங்கி மூக்கு நுனியில் போட்டுக்கொண்டான். ஒரு நோட்டை விரித்துத் தலையைக் குனிந்தான். அப்படியே தட்சணாமூர்த்தி சார். நாற்காலியில் இருந்த சாரின் முகம் வெளிறியது.

"இருபத்தொம்போது. முப்பது."

"டேய், வேணாம்டா. பின்னாடி பாரு" என்றாள் சங்கீதா.

"முப்பத்தொண்ணு."

எல்லோரும் அத்தையைப் பார்த்துவிட்டார்கள். பாலகுருவும் திரும்பிப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றினான். வேப்பஞ்சருகு ஒன்று பெஞ்சில் விழுந்தது.

அத்தைக்குக் கோபம் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. எண்ணைக் கூப்பிட்டதும் அவள் பைக்குள் கைவிட்டுச் சீப்பை எடுத்தாள். எடுத்துக்கொண்டு கேட்டைப் பார்த்து நின்றாள். பதிலுக்காக.

ஒரு நொடி. இரண்டு நொடி.

"எஸ் சார்."

இந்த முறை நான் தலையைக் குனியவில்லை. மூக்கிலிருந்து, இழுத்து, பாதியில் வெட்டி. வராந்தாவிலிருந்து வேப்பமரம்வரை போயிற்று அந்தக் குரல். சங்கீதா ஓவென்று கத்திவிட்டாள். சார் எழுந்து நின்றார்.

"நீயா?" என்றார். "நீ அன்னிக்கு ஆப்சென்ட்டாச்சேம்மா."

"வந்திருந்தேன் சார்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. தகரத்தில் ஆணி கீறுவது போல.

அத்தை குழாயடியிலிருந்து நடந்து வந்தாள். எல்லோரும் வழி விட்டார்கள். என் எதிரில் நின்று என் வாயைப் பார்த்தாள். கண்ணைப் பார்க்கவில்லை.

"அப்ப எண்ணெ வெச்சிருந்தான்னு தலையாட்டுனியே?"

"அவ வரல அத்தே. நாந்தான் சொன்னேன். தெனமும் சொல்ற மாதிரி சொல்லிட்டேன்." அதற்குமேல் சொல்ல எவ்வளவோ எழுதிவைத்திருந்தேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. "அவ வரவே இல்ல."

அடிப்பாள் என்று நினைத்தேன். சங்கீதாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், இடையில் வந்து நின்றாள். அத்தை அவளை மெதுவாக ஒதுக்கினாள்.

"இன்னொரு வாட்டி சொல்லு" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"அவ மாதிரி. இன்னொரு வாட்டி."

சொன்னேன். அத்தை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். சீப்பைப் பிடித்திருந்த கை மட்டும் லேசாக அசைந்தது, மேலிருந்து கீழாக, நீளமான முடியை வாருவது போல.

"இன்னொரு வாட்டி."

வாயைத் திறந்தேன். மூக்கில் காற்று நின்றது. அந்தக் குரல் வரவில்லை. எத்தனை முயன்றும் என்னுடைய கீச்சுக்குரல்தான் வந்தது. "எஸ் சார்." அதில் பூவிழி இல்லை. அது அத்தைக்கும் தெரிந்தது. அவள் கண்ணைத் திறந்தாள்.

வெளியே போட்டோக்காரரின் மொபெட் வந்து நின்றது.

அத்தை சீப்பைப் பைக்குள் வைத்தாள். எண்ணெய்ப் பாட்டிலை நேராக நிமிர்த்தி வைத்தாள். மேலே வந்திருந்த சீருடைத் தாவணியின் முனையை உள்ளே தள்ளி, பையின் காதுகளைச் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டாள். அழுதுகொண்டிருந்த ஜான்சியின் தலையில் கையை வைத்துவிட்டுக் கேட்டைத் தாண்டினாள். மாமா பையை வாங்கக் கையை நீட்டினார். அவள் கொடுத்தாள்.

பாண்டி பஸ் ஒன்று ஜன்னலெல்லாம் பெண்பிள்ளைகளாக வந்தது. அத்தை ரோட்டோரமாகத் தலையை நிமிர்த்தாமல் நடந்துகொண்டிருந்தாள். பஸ் அவளைக் கடந்து போயிற்று.

அவள் பார்க்கவில்லை.